மூன்றாம் ஓலைக்கு முன்னால் மழை

தூத்துக்குடி
3.11.2025

அன்புள்ள ஜெஸ்மிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என்னைத் தவிர. உன்னோடு பேசாமல் ஒரு நாள் போனதற்கே இந்தப் பாடு. கல்யாணம் வரைக்கும் எப்படித் தள்ளப்போகிறேனோ தெரியவில்லை.

நேற்று எங்கள் கோயிலில் நம் கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். உங்கள் நாசரேத்திலும் வாசித்திருப்பார்கள். எங்கள் அம்மாவின் சட்டப்படி மாப்பிள்ளை தன் ஓலையைத் தன் காதால் கேட்கக் கூடாது. ஆகவே என்னை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அம்மாவும் பெரியம்மாவும் ஆராதனைக்குப் போனார்கள். வீடு கோயிலுக்கு நேர் பின்னால் இருப்பது அம்மாவுக்கு மறந்துவிட்டது. போதகர் ஐயர் ஒலிபெருக்கியில் வாசித்தது அடுக்களை வரைக்கும் கேட்டது. 'நாசரேத்து அற்புதமணி அவர்களின் குமாரத்தி ஜெஸ்மி' என்றதும் காப்பி முழுக்கச் சட்டையில் கொட்டிவிட்டது. 'இந்த விவாகத்துக்குத் தடை உண்டானால் சொல்லலாம்' என்று கேட்டுவிட்டு நிறுத்தினார் பார், அந்த இடத்தில் நான் மூச்சே விடவில்லை. நல்லவேளை, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு இப்படித் தாண்ட வேண்டும்.

மற்றச் சட்டங்கள் உனக்குத் தெரிந்தவைதான். முதல் ஓலையிலிருந்து கல்யாணம் வரைக்கும் நாம் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, பெண் மாப்பிள்ளை ஊரை மிதிக்கக் கூடாது. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கடிதம் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதிக்கோல. எழுத உட்கார்ந்தாலாவது புத்தி வருதான்னு பாப்போம்" என்றார்கள். ஆறாம் வகுப்பு டீச்சராகவே ரிட்டயர் ஆனவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது!

துறைமுகத்தில் ஒரு நிலக்கரிக் கப்பல் வந்து நிற்கிறது. ஆபீசில் என் மேஜை வரைக்கும் கரி. மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை. எங்கள் ஊர் மழையே வேண்டாத உப்பளத்துக்காரர்கள் ஊர் என்று மேகத்துக்கும் தெரியும். அதனால் நீ இங்கே வந்து எடுக்க நினைத்த மழைப் படத்தை மறந்துவிட்டு, கல்யாணப் பெண்ணாக லட்சணமாகச் சாப்பிட்டுத் தூங்கு.

உன் பிரியமுள்ள,
ஜாபேஸ்

*

நாசரேத்
6.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். சாப்பிடச் சொல்லி நீங்கள் வேறு எழுத வேண்டுமா? அம்மா காலையில் இரண்டு முட்டை, மாலையில் உளுந்தங்களி என்று என்னைப் பண்டிகைக் கடா மாதிரி வளர்க்கிறார்கள். கல்யாணச் சட்டையின் தையலைப் பிரிக்க வேண்டி வந்தால் பழி உங்கள் மாமியாருக்கு.

காப்பி கொட்டியதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் மழைப் படத்தை மறந்துவிடு என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்களே, அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

இத்தனை வருஷமாக ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் நான்தான் படம் எடுக்கிறேன். அந்த வருமானத்தில்தான் மழைக்காலம் வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், சென்னை. எல்லாம் துறைமுகம் உள்ள ஊர்கள். எல்லாம் மழை பெய்கிற ராத்திரி. பகலில் தெரு அதன் பாட்டுக்கு வேலை பார்க்கிறது. ராத்திரி மழை வந்தால்தான் ஜனங்கள் தங்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். ஒதுங்க இடம் தேடுகிறவன் முகத்தில் வேஷம் இருக்காது. விசாகப்பட்டினத்தில் ஒரு மீன்காரம்மா காலியான கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். கூடை ஓட்டையெல்லாம் தெருவிளக்கு வெளிச்சம். நான் எதிரே நிற்பது கூட அவளுக்குத் தெரியாது.

கொச்சியில் கண்காட்சி வைக்கிற மீரா மேடம் எனக்கென்று ஒரு முழுச் சுவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து ஊர் இருந்தால் சுவர் எனக்கு. நாலுதான் என்றால் வேறு ஒருவருக்கு. பதினைந்தாம் தேதிக்குள் ஐந்தாவது ஊரை அனுப்ப வேண்டும். ஐந்தாவதாக நான் எழுதிக் கொடுத்த ஊர் தூத்துக்குடி. நான் வாழப்போகிற ஊர் என் சுவரில் இல்லாமல் எப்படி?

மழை வந்தால் ஒரே ஒரு ராத்திரி நான் அங்கே வர வேண்டும். உங்களைப் பார்க்க இல்லை, தெருவைப் பார்க்க. அப்பாவிடம் கேட்டேன். "சம்பந்தி வீட்டு வழக்கத்துக்கு எதிரா நான் எப்படிம்மா பேச" என்று பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். ஆகவே உங்களைக் கேட்கிறேன்.

மாமிக்கும் ஜீவமணி பெரியம்மாவுக்கும் என் ஸ்தோத்திரம்.

உங்கள்,
ஜெஸ்மி

*

தூத்துக்குடி
8.11.2025

அன்புள்ள ஜெஸ்மி,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். உன் சுவர் எனக்கும் முக்கியம்தான். ஆனால் இங்கே என் நிலைமை மதில் மேல் பூனை. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அம்மா.

அதனால் நானே ஒரு வழி செய்தேன். நேற்று ராத்திரி ரயில்வே இரண்டாம் கேட் பக்கம் தூறல் விழுந்தது. போனை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஊரைப் படம் எடுத்தால் யார் எடுத்தால் என்ன, உன் பேரில் அனுப்பிவிடலாம் என்று எண்ணம். படங்களைக் கடையில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்.

இப்போது நான் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா சட்டம் போடுவது வெறும் வீம்புக்கு இல்லை. ஜீவமணி பெரியம்மா ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நீ கேட்டாய், நான் மழுப்பினேன். பெரியம்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளைக்கு இதே தூத்துக்குடி. அப்போது அம்மா வீட்டார் சாத்தான்குளத்தில் இருந்தார்கள். பெரியம்மா கல்யாணச் சட்டைக்கு லேஸ் வாங்க ஒருநாள் தனியாக இங்கே பஸ் ஏறி வந்தார்கள். நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடை வாசலில் இருட்டும் வரைக்கும் ஒதுங்கி நின்றார்கள். அந்தக் கடைக்கு எதிரேதான் மாப்பிள்ளையின் ஆபீஸ். பெரியம்மாவுக்கு அது தெரியாது. ஓலை வாசித்த பெண் மாப்பிள்ளையைத் தேடி ராத்திரியில் வந்து நின்றாள் என்று ஊர் பேசிவிட்டது. மூன்றாம் ஓலை வாசிக்கவே இல்லை. பெரியம்மா அதற்குப் பிறகு யாருக்கும் சம்மதம் சொல்லவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அம்மா அதைக் கண்ணால் பார்த்தவர்கள். அதனால்தான் பயப்படுகிறார்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கோபப்படாதே.

உன்,
ஜாபேஸ்

*

நாசரேத்
10.11.2025

அன்புள்ள அத்தானுக்கு,

படங்களைப் பார்த்தேன். முதல் படத்தில் உங்கள் கட்டைவிரல் நன்றாக விழுந்திருக்கிறது. மற்றதில் எல்லாம் உங்கள் ஆபீஸ் சிநேகிதர்கள் வரிசையாக நின்று பல்லைக் காட்டுகிறார்கள். "மழையில நில்லுங்கடே" என்று நீங்களே நிறுத்தி வைத்திருப்பீர்கள். ஒருவர் கூலிங்கிளாஸ் வேறு போட்டிருக்கிறார். பாடுபட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் அத்தான், இன்னொருவர் எடுத்ததை என் பேர் போட்டு அனுப்புவேன் என்று நினைத்தீர்களே, அதுதான் சுட்டது.

பெரியம்மா கதையைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. அழுதேன். பிறகு கோபம் வந்தது. மழைக்கு ஒதுங்கினதற்கு ஒரு பெண்ணின் ஆயுசையே எடுத்துக்கொண்டார்கள். அதை எல்லாரும் விதி என்று ஏற்றுக்கொண்டு, அடுத்து வருகிற பெண்ணுக்கு அதையே சட்டமாக்கி வைத்திருக்கிறீர்கள். தப்பு பேசினவர்கள் மேல். சட்டம் மட்டும் எங்கள் மேல்.

நான் ஒளித்து எதுவும் செய்ய மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். மழை வருகிற அன்றைக்கு நான் வருவேன். படம் எடுத்துவிட்டு, முத்தையாபுரத்தில் என் சித்தி மகள் பெனிஷா அக்கா வீட்டில் தங்கிக்கொள்வேன். உங்கள் ஊர் பேசினால் பேசட்டும். மூன்றாம் ஓலையில் தடை சொல்கிறவர்கள் சொல்லட்டும். ஊருடைய தடை எனக்குப் பெரிதில்லை. உங்களுடைய தடை இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும். இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். இன்று ஒரு ராத்திரி குடையோடு வெளியே போகக் கூடாது என்கிற வீட்டில், நாளைக்கு என் கேமராவை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மாமியிடம் இதை நான் சொல்வது மரியாதை இல்லை. நீங்கள் சொல்ல வேண்டும்.

இதை எழுதும்போது எனக்கு உங்கள் மேல் பிரியம் குறையவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஜெஸ்மி

*

தூத்துக்குடி
12.11.2025

என் ஜெஸ்மிக்கு,

மழை வருமென்று இன்றே பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டிருக்கிறார்கள். பெனிஷாவும் பிள்ளைகளும் நாசரேத் வந்து திரும்புகிறார்கள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். மன்னார் வளைகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு. நாளைக்கு நல்ல மழை என்று துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன், சோறு இறங்கவில்லை, முன்னாலேயே சொல்லிவிட்டேன். மழை வருகிற அன்றைக்கு ஜெஸ்மி வருவாள், நான் போய் அவளுக்குக் குடை பிடிப்பேன், உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறப்போகிறேன், அதைச் சொல்லாமல் மீற மனசில்லை, இவ்வளவுதான் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு ஆள் குரல் மாதிரி இருந்தது.

அம்மா எழுந்தார்கள். அடுக்களைக்குள் போய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தையெல்லாம் மறுபடி கழுவினார்கள். பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி ஜெபத்தில் அம்மா வழக்கமாக எல்லார் பேரையும் சொல்வார்கள், நேற்று ஒரு பேரும் சொல்லவில்லை.  ஆனாலும் நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

என் பக்கத்திலிருந்து ஒரு தடையும் இல்லை. எப்போதும் இருக்காது. நாளைக்குச் சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் குடையோடு நிற்பேன்.

ஜாபேஸ்

*

நாசரேத்
15.11.2025

என் அன்புள்ள அத்தானுக்கு,

பழைய பஸ் ஸ்டாண்டில் நீங்கள் நிற்கவில்லை. நின்றது மாமி.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கினபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீக்கடை ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடை. கிட்டே போனால் குடைக்குக் கீழே ஞானசௌந்தரி டீச்சர். கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலை, கையில் டார்ச்.  என்னைத் திரும்பப் பஸ் ஏற்றிவிடத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவசரமாக ஸ்தோத்திரம் சொன்னேன்.

"அவனை வீட்டுல உட்கார வச்சிட்டு வந்திருக்கேன். குடுத்த வாக்க மீறுத பழக்கம் நம்ம வீட்டுல வேண்டாம்" என்றார்கள். "மாப்பிள்ளையும் பொண்ணும் பாக்கக் கூடாதுன்னுதான் வழக்கம். மாமி பாக்கக் கூடாதுன்னு எவனும் எழுதி வைக்கல. எங்க போணும், சொல்லு."

நீங்கள் வீட்டுக்குள் எப்படித் தவித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்களைவிட மாமி நன்றாகக் குடை பிடித்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் ஒரு சொட்டு விழவில்லை, மாமிக்கு இடது தோள் முழுக்க நனைந்துவிட்டது. நான் குடையை அவர்கள் பக்கம் தள்ளினால், கையில் ஒரு தட்டு. கடற்கரைச் சாலை, மாதா கோயில் பக்கம், மட்டக்கடை என்று நடந்தோம். நான் ஒரே இடத்தில் வெகு நேரம் நின்றால், "எதுக்கு நிக்குத?" என்று ஒரு தடவை கேட்டார்கள். ஆட்கள் நம்மை மறக்கிற வரைக்கும் நிற்க வேண்டும் மாமி என்றேன். அதற்குப் பிறகு நான் நிற்கிற இடத்தில் அவர்களும் நின்றார்கள்.

ஆனால் அத்தான், உங்கள் ஊர் டீச்சரை மறக்க மாட்டேன் என்கிறதே! போகிற இடமெல்லாம் ஒருவர் கும்பிடுகிறார். டீக்கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து நிற்கிறார். ஆட்டோக்காரர் பீடியை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறார். எல்லாரும் பழைய ஆறாம் வகுப்பு. மாமியும் விடுவதாக இல்லை. "இது என் மருமக. போட்டோ எடுக்க வந்திருக்கா" என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொல்கிறார்கள். நான் எடுத்ததில் ஒன்றும் தேறவில்லை. எல்லாரும் பரீட்சை எழுதுகிற முகத்தோடு நிற்கிறார்கள். ஐந்தாவது ஊர் போயிற்று என்றே நினைத்துவிட்டேன்.

ஓரிடத்தில் மாமி தானாக நின்றார்கள். மூடிக் கிடந்த ஒரு கடை வாசல். அக்கா நின்ன இடம் இதுதான் என்றார்கள். டார்ச்சை அந்தப் படியில் அடித்துப் பார்த்தார்கள். பிறகு சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"எங்க அக்கா தனியா நின்னா. அதான் பேசினாங்க. பக்கத்துல ஒருத்தர் நின்னுருந்தா எவன் வாயத் தொறந்திருப்பான்? நான் அன்னைக்குக் கூட வாரேன்னு சொல்லிட்டு, தலைவலின்னு படுத்துக்கிட்டேன்."

 அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். மாமி கையை எடுக்கவில்லை.

இரண்டாம் கேட் பக்கம் வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு. கரண்டும் போய்விட்டது. ஒரு உப்பு லாரி நடு ரோட்டில் நின்றுவிட்டது, அதன் விளக்கு மட்டும் தண்ணீர் மேல் நீளமாக விழுந்தது. லாரிக்காரர், புரோட்டாக் கடை மாஸ்டர், பைக்கைத் தள்ளுகிறவர்கள், இன்னும் நாலைந்து பேர், எல்லாரும் கைலியைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு லாரியைத் தள்ளினார்கள். மாமி டார்ச்சை அடித்தார்கள். ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஏலே, டீச்சர் வாராங்க" என்றார்.

அவ்வளவுதான். அத்தனை பேரும் லாரியை விட்டுவிட்டு, மடித்துக் கட்டின கைலியை அவிழ்த்துக் கீழே இறக்கிவிட்டார்கள். முழங்கால் தண்ணீருக்குள்! கைலியெல்லாம் பூப்போல விரிந்து மிதக்கிறது. மழை தலையில் கொட்டுகிறது, பின்னால் லாரி விளக்கு, அவர்கள் டீச்சருக்கு முன்னால் மரியாதையாக நிற்கிறார்கள். என் பக்கம் ஒருவர் கூடப் பார்க்கவில்லை. நான் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கேமராவை உயர்த்தினேன் அத்தான். எடுத்துவிட்டேன்.

ராத்திரி மாமியே ஆட்டோவில் என்னை முத்தையாபுரத்தில் கொண்டுவிட்டார்கள். படங்களை நேற்று அனுப்பினேன். இன்று காலையில் மீரா மேடம் கூப்பிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் வாத்தியார் வந்தால் வேட்டியை இறக்கிவிடுவோம், ஆனால் வெள்ளத்துக்குள் இறக்குகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுவர் எனக்குத்தான். அதில் நடுப்படம் தூத்துக்குடி. அம்மாவும் அப்பாவும் கேட்டுக்கொண்டிருக்க வீடே அதிரும்படி கத்திவிட்டேன். கல்யாணப் பெண் கத்தக் கூடாதென்று அம்மா வாயைப் பொத்தினார்கள், அவர்கள் கண்ணிலும் தண்ணீர்.

மாமியிடம் சொல்லுங்கள். முதலில் மாமியிடம்.

உங்கள்,
ஜெஸ்மி

*

தூத்துக்குடி
16.11.2025, ஞாயிறு

என் ஜெஸ்மிக்கு,

நேற்றுச் சாயங்காலம் பெனிஷா கொண்டுவந்த உன் கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். சுவர் கிடைத்த இடம் வந்ததும் அம்மா, "லாரிக்காரன் பேரு சங்கரபாண்டியன். கணக்குல எப்பவும் முட்டைதான். நல்ல பையன்" என்றார்கள்.  ராத்திரி பாத்திரம் கழுவும்போது பாட்டுச் சத்தம் கேட்டது.

நீ வந்துபோனது வெள்ளிக்கிழமையே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஓலை வாசித்த பெண் ராத்திரியில் தெருவில் திரிந்தாளாமே என்று நம் கோயில் ஆட்கள் சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். என் காதுக்கே வந்தது. அம்மா காதுக்கு வராமல் இருக்குமா?

இன்று காலையில் அம்மா என்னைப் பார்த்து, "நீயும் கோயிலுக்கு வா" என்றார்கள். சட்டம் போட்டவர்களே கூப்பிட்டால் மறுக்க முடியுமா? போனேன். அம்மாவும் பெரியம்மாவும் எப்போதும் உட்கார்கிற பெஞ்சை விட்டுவிட்டு முன்வரிசைக்குப் போனார்கள்.

ஐயர் நம் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை உண்டானால் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். அம்மா எழுந்து நின்றார்கள். கோயிலில் ஒரு விசிறி மட்டை கூட அசையவில்லை. 

அம்மா ஐயரைப் பார்த்துப் பேசவில்லை. திரும்பி நின்று, பின்னால் இருந்த சபையைப் பார்த்துப் பேசினார்கள்.

"தடை சொல்ல எழும்பல. என் மருமக வியாழக்கிழமை ராத்திரி இந்த ஊர்த் தெருவுல மழைக்குள்ள நடந்து படம் எடுத்தா. குடை பிடிச்சது நான். அதுல யாருக்காவது குறை இருந்தா இப்ப எழும்பிச் சொல்லட்டும். வெளிய வேப்பமரத்தடியில நின்னு பேசக் கூடாது."

நின்றுகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார்கள். யாரும் எழும்பவில்லை. அதில் பாதிப் பேர் அம்மாவிடம் படித்தவர்கள், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஐயரும் வழக்கத்தைவிட வெகு நேரம் காத்திருந்தார். பிறகு, தடை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு ஞானப்பாட்டு எண்ணைச் சொன்னார். இன்றைக்குப் பாடின மாதிரி எங்கள் சபை எந்தக் கிறிஸ்மஸுக்கும் பாடினதில்லை. நானும் தொண்டை கிழியப் பாடினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். யாருக்கு ஓலை வாசித்தாலும் பெரியம்மா தண்ணீர் குடிக்க என்று வெளியே போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்றைக்குப் போகவில்லை. முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்கள்.

"ஏளா, மூணாம் ஓலை வாசிச்சு முடிச்சா இப்படித்தான் இருக்குமா?"

 இரண்டு பேரும் நடு ரோட்டில் நின்று அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இனிக் கடிதம் வேண்டாம். வியாழக்கிழமை கல்யாணத்துக்கு நாசரேத் கோயில் வாசலில் நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன்,
ஜாபேஸ்